பீச்சாங்கைப் பாடம்

செந்தில்நாதன் சாருக்கு யாராவது குட்மார்னிங் சொன்னால், பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். காலைதானா என்று உறுதி செய்துகொள்ளத்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சத்தியமாக என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறைப் பேராசிரியர். நாளைக்குப் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதப்போகிற பி.டி. வாத்தியார்களையும் டீச்சர்களையும் உருவாக்குகிற வேலை. அவர் மனைவி சந்திராவுக்கு நிலக்கரிக் கம்பெனி ஆபீசில் உத்தியோகம், அதனால் குடியிருப்பது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். தினமும் வடலூர் போய் பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போய் வருவார். நான் சுப்புலட்சுமி. அவர் வீட்டுக்கு அடுத்த பிளாக்கில் இருக்கிற பள்ளியில் பி.டி. டீச்சர். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். சாருடைய அப்பா கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம். இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு வெளியூர் சொல்வார்கள். சாருக்கு அதிலும் சந்தேகம். "திருநெல்வேலின்னா டவுனா, பாளையங்கோட்டையா, சும்மா பக்கத்துல ஏதாவது ஊரா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு வரைமுறையே கிடையாது. பாலைச் சுண்டுவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பண்ருட்டிப் பலாப்பழம் என்று வண்டிக்காரர் சத்தியம் செய்தாலும், "பண்ருட்டியில எந்தத் தோப்பு?" என்பார். சந்திரா அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தாலி கட்டின கையோட, முடிச்சு சரியா விழுந்திருக்கான்னு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாரு சுப்பு. எங்கம்மா மணமேடையிலேயே அழுதுட்டாங்க."

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் ஓட்டப்பந்தயத்தில் இவர் இரண்டாவதாக வந்தாராம். முதலாவதாக வந்த பையனைக் கூட்டிப்போக அவனுடைய பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து நின்றாளாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்குப் பிடித்த சந்தேகம் அவரை விடவே இல்லை. இன்றைக்கும் மாவட்டப் போட்டிகளுக்கு நடுவராகப் போனால், பிறப்புச் சான்றிதழைப் பார்க்கமாட்டார். "வாயைத் திற" என்பார். ஞானப்பல் முளைத்திருந்தால் வெளியே போகச் சொல்வார்.

மாணவர்கள் பாவம், அவரிடம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அந்தப் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நெடுந்தூர ஓட்டத்தேர்வை நெய்வேலியை ஒட்டின வடக்குத்து கிராமத்துப் பக்கம் முந்திரித்தோப்புகள் வழியாக வைப்பார்கள். பாதிப் பேர் தோப்புக்குள் புகுந்து முந்திரிப்பழம் தின்றுகொண்டு படுத்திருந்துவிட்டு, கடைசிச் சுற்றில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். சட்டையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு மூச்சு வாங்குவது போல ஒரு நடிப்பு வேறு. சார் எல்லைக்கோட்டில் நின்று ஒவ்வொருவனுடைய சட்டையையும் பிடித்து மோந்து பார்ப்பார். வேர்வை வாடை இல்லையென்றால் மறுபடி ஓட்டம். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இசைப்பிரியா விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவள் வடக்குத்துக்காரி. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள், எப்போது கூப்பிடுவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மா பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் சாரிடம் பி.பி.எட். படிக்க வந்திருந்தாள். ஒல்லியாக, உயரமாக, யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவள். ஓட்டத்தேர்வில் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேரை முந்திக்கொண்டு பெண்களில் முதலாவதாக வந்தாள். சார் சட்டையை மோந்து பார்த்தார். வேர்வைதான். ஆனாலும் மனுஷருக்கு மனசு ஆறவில்லை.

"உனக்கு எந்த ஊரு?"

"வடக்குத்துங்க சார்."

"அதானே பார்த்தேன். உள்ளூர்க்காரி. தோப்புக்குள்ள குறுக்கு வழி எல்லாம் அத்துப்படியா இருக்கும்."

"இல்லீங்க சார், ரோட்டாலதான் ஓடியாந்தேன். எல்லாரும் பார்த்துக்கினுதான் இருந்தாங்க."

அவர் நம்பவில்லை. அந்த வாரமே இன்னொரு நாள் அவளை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார். அவள் முதல் தடவையைவிட வேகமாக ஓடினாள், அவ்வளவு கோபம் அவளுக்கு. ஓடி முடித்து மூச்சிரைக்க நின்றவளிடம் இந்த மனுஷர் சொன்னதுதான் கொடுமை. "இப்ப ஓடினது நிஜம். முன்னாடி ஓடினதைப் பத்தி எனக்குத் தெரியாது." அந்தப் பெண் என்னிடம் வந்து இதைச் சொல்லும்போது கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குத்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

அவள் என்னிடம் ஏன் வந்து சொன்னாள் என்றால், பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்கு எங்கள் பள்ளிக்குத்தான் வருவார்கள். கடைசியில் பாடம் நடத்தும் தேர்வும் எங்கள் மைதானத்தில்தான். மாணவர் ஒருவர், எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு விளையாட்டுத் திறமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாரும் வெளியிலிருந்து வருகிற தேர்வாளரும் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். அதில் ஒரு முக்கியமான பகுதி, பிள்ளைகள் செய்கிற தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவது. அதில் சறுக்கினால் ஆள் அம்பேல்.

இங்கேதான் ஒரு கூத்து இருக்கிறது. எத்தனையோ வருஷமாக எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மேலேயே பாடம் நடத்தி நடத்தி, அவர்களுக்குத் தெரியாத ஆட்டமே பாக்கியில்லை. ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் எல்லாப் பாஸும், எல்லா சர்வீஸும் கரைத்துக் குடித்திருப்பார்கள். தவறே செய்யாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? அதனால் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. தேர்வுக்கு முந்தின நாள் மதிய இடைவேளையில் மாணவர்கள் வந்து பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொடுப்பார்கள். ஏற்பாடு இதுதான்: பாடம் நடத்துகிறவர் விசிலைத் தொட்டால் தப்பாகச் செய்யவேண்டும். தோளில் தட்டினால் சரியாகச் செய்யவேண்டும். பிள்ளைகளும் சமர்த்தாக முழங்கையை மடக்கிக் காட்டுவார்கள், திருத்தினதும் நீட்டிவிடுவார்கள். அண்ணன்மாரும் அக்காமாரும் பாஸ். இது எங்கள் மைதானத்துக் காவல்காரர் வரைக்கும் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்க்கிற செந்தில்நாதன் சாருக்கு மட்டும் தெரியாது.

இந்த வருஷத் தேர்வுக்கு முந்தின நாள் எல்லோரும் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார்கள். இசைப்பிரியா வெறுங்கையோடு வந்தாள். சீட்டு எடுத்ததில் அவளுக்கு விழுந்தது கூடைப்பந்தில் மார்புக்கு நேராகப் பந்தைத் தள்ளிவிடுகிற செஸ்ட் பாஸ். பிள்ளைகளிடம், "எனக்காக யாரும் தப்பு பண்ணிக் காட்ட வேணாம். உங்களுக்கு எப்டி வருதோ அப்டியே பண்ணுங்க, போதும்" என்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? செஸ்ட் பாஸ் அதுகளுக்குத் தூக்கத்துல கூட வரும். நீ திருத்துறதுக்கு ஒண்ணுமே இருக்காது. அந்தப் பகுதிக்கு முட்டை போடுவாரு."

"போட்டா போடட்டும் டீச்சர். நிஜமா ஓடினதுக்கே என்னைத் திருடி மாதிரி மறுக்கா ஓடவுட்டாரு. நடிச்சு மாட்டினா உசுரோட உடுவாரா?"

"பண்ருட்டிப் பள்ளிக்கூடத்துல ஜூன் மாசம் வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்கல்ல? ஃபெயிலானா அதுவும் போச்சு."

"தெரியும் டீச்சர். வூட்டுல எல்லாரும் அதையேதான் பேசிக்கினு இருக்காங்க." அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "ஆனா எனக்கு அந்தாளு வாயால நிஜம்னு வரணும். அவ்ளோதான்."

பிடிவாதக்காரியிடம் என்ன பேசுவது? எக்கேடோ கெட்டுப்போ என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போயும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை. சுண்ணாம்புக்கோடு போட்டு மைதானம் பளிச்சென்று இருந்தது. சாருக்குப் பக்கத்தில் வெளித் தேர்வாளர் வெங்கடேஷ், நல்ல மனிதர்தான், ஆனால் மதியம் பஸ் பிடிக்கவேண்டும் என்ற அவசரம் முகத்திலேயே தெரிந்தது. முதலில் வளவன் என்ற பையன் கைப்பந்து சர்வீஸ் சொல்லிக்கொடுத்தான். விசிலைத் தொட்டான், முதல் வரிசை அழகாகத் தப்புச் செய்தது. தோளில் தட்டினான், அத்தனையும் திருந்திவிட்டது. வெங்கடேஷ் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். சாரும் அபூர்வமாக "குட்" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டேன்.

அவனுக்குப் பின்னால் வந்த சிலரும் இதேபோல் தட்டித் தட்டியே முடித்தார்கள். அவர்களுக்கு அடுத்து இசைப்பிரியா. கம்பீரமாகக் கட்டளை கொடுத்தாள், பிள்ளைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். அவள் செஸ்ட் பாஸை ஒருமுறை செய்து காட்டினாள். "இப்ப நீங்க" என்றாள். பந்துகள் பறந்தன. முழங்கை, விரல், எட்டு எடுத்து வைக்கிற கால், எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. ஒரு பந்துகூடக் கீழே விழவில்லை. இசைப்பிரியாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவ்வளவு சொல்லியும், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், இவ்வளவு தெரியும் என்று நினைக்கவில்லை. ஏதாவது ஒரு கை கோணாதா என்று வரிசை நெடுக நடந்தாள். பிள்ளைகள் அக்காவுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள், சனியன்கள்.

சார் எழுந்தார். "நிறுத்து."

பந்துகள் நின்றன.

"எத்தனை நாளாப் பழக்கி வச்சே இவங்களை?"

"நான் பழக்கலைங்க சார்."

"இன்னிக்குத்தான் முதல் தடவையாச் சொல்லிக்கொடுக்கறே. முதல் பந்துல இருந்து ஒரு தப்பு இல்லை. இது என்ன, ஒலிம்பிக் டீமா? முன்னாடியே வந்து ஒத்திகை பார்த்திருக்கே."

வெங்கடேஷும் சலித்துக்கொண்டார். "பச்சையா ரிகர்சல் சார் இது. முதல்ல வந்த பையனைப் பாருங்க, எவ்வளவு இயல்பா இருந்துச்சு. இந்தப் பொண்ணு ஏமாத்துது."

எனக்கு உச்சந்தலை சுட்டது. நடித்தவன் இயல்பு, நடிக்காதவள் ஏமாற்றுக்காரி! என்னடா உங்கள் நியாயம்! வாயைத் திறந்தேன். திறந்தால் வளவனும், மற்ற பிள்ளைகளும் ஒட்டுமொத்தமாக மாட்டுவார்கள். அதோடு, நான் சொன்னாலும் சார் நம்பப்போவதில்லை, எனக்கும் அவளுக்கும் கூட்டு என்பார்.

இசைப்பிரியா அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் புள்ளைங்களுக்கு யாருமே சொல்லித் தராதது. இப்பவே, இங்கியே எடுக்கறேன்."

வெங்கடேஷ், "அதுக்கெல்லாம் விதியில இடமில்லைம்மா" என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் சார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைதானத்து மரத்தைக்கூட ஒருமுறை பார்த்தார். யாரும் ஊகிக்க முடியாத ஒன்றைத் தேடுகிறார் என்று புரிந்தது. சந்தேகக்காரருக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்திருக்கும்.

"சரி. பந்தை ஓவர்ஆர்ம்ல, கையைத் தலைக்கு மேல தூக்கி எறியணும். ஆனா எல்லாரும் இடது கையால. எங்கே, சொல்லிக்கொடு பார்க்கலாம்."

"டேய், பீச்சாங்கையாலயாடா!" என்று வரிசையில் ஒரு சத்தம். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பாடம் என்பதா, கலவரம் என்பதா? ஒருவன் எறிந்த பந்து அவனுக்குப் பின்னாலேயே விழுந்தது. ஒருத்தி எறிகிற வேகத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பந்து தேர்வாளர் மேஜையில் இருந்த டீ டம்ளரைச் சாய்த்தது. இடது கையால் எறியும்போது வலது காலை முன்வைக்க வேண்டும். பாதிப் பேர் இடது காலை வைத்தார்கள், மீதிப் பேர் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தார்கள். ஒவ்வொருவன் தப்பும் ஒவ்வொரு தினுசு. ஒரு பையனுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

இசைப்பிரியா ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள். பிறகு வரிசையைக் கலைத்தாள். வகுப்பில் இளவேனில் என்று ஒரு பெண், இயல்பிலேயே இடக்கைக்காரி. இத்தனை வருஷமும் எல்லா அண்ணன்மாரும் அவளைக் கடைசியில் நிறுத்தி, "நீயும் மத்தவங்க மாதிரி சோத்தாங்கையால பண்ணும்மா" என்றுதான் சொல்லியிருந்தார்கள். இசைப்பிரியா அவளை நடுவில் கொண்டுவந்து எறியச் சொன்னாள். பந்து சும்மா விர்ரென்று போனது. "இவ காலை மட்டும் பாருங்கடா. கையை அப்பறம் பாத்துக்கலாம்." பந்தையே வாங்கி வைத்துவிட்டு, வெறுமனே காலை எடுத்து வைக்கப் பழக்கினாள். மண்ணில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் காலையும் கையால் பிடித்து நகர்த்தினாள். அழுத பையனிடம், "எனுக்கும்தான்டா வரலை, பாரு" என்று தானே எறிந்து காட்டினாள். அது போய்ச் சாக்கடையில் விழுந்தது. அவன் சிரித்துவிட்டான்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் மேஜையை விட்டு எழுந்து பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றிருந்தார். ஒவ்வொரு தப்பையும் குனிந்து குனிந்து பார்த்தார். முகம் என்னவோபோல் ஆகிக்கொண்டே வந்தது. வரிசையில் காலையில் வளவனின் வகுப்பில் முதலில் நின்ற பையனைக் கூப்பிட்டார்.

"காலையில சர்வீஸ் போடும்போது முழங்கையை மடக்கினியே. அப்புறம் ஒரே தட்டுல சரியாயிடுச்சு. எப்படி?"

பையன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அது... அண்ணன் விசிலைத் தொட்டாருல்ல சார்" என்றான். அதில் ரகசியம் ஏதும் இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை. "எப்பவும் அப்படித்தானே சார்?"

"எப்பவும்னா?"

"எல்லா வருஷமும். எங்கக்கா படிக்கறப்பவும் அப்படித்தான். இந்த அக்காதான் வேணாம்னு சொல்லிடுச்சு."

சார் திட்டுவார், விசிலைப் பிடுங்குவார், எல்லோரையும் ஓடவிடுவார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிந்தின டீயில் கையை வைத்திருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"சுப்பு," என்றார் என்னிடம், "நான் பாஸ் போட்டவங்கெல்லாம் இந்த ஜில்லா முழுக்க பாடம் எடுத்துட்டிருக்காங்க. ஒவ்வொருத்தனும் நிஜத் தப்பு எப்படி இருக்கும்னு பார்க்காமலே போயிருக்கான். நான் சட்டையை மோந்து பார்த்துட்டிருந்தேன்."

எனக்கு அந்த மனுஷர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. 

நேரம் முடிந்துவிட்டது. வெங்கடேஷ் பையை மூடினார். "முடிச்சுக்கலாம் சார். அப்பவும் பாருங்க, பாதிப் பிள்ளைங்களுக்கு இன்னும் வரலை. கணக்குப்படி இது ஃபெயில்தான்."

இசைப்பிரியா மண் அப்பின முழங்காலோடு வந்து நின்றாள். 

"பாதிப் பேருக்கு வந்திருச்சுங்களே," என்றார் சார். "முதல் நாள்ல எல்லாருக்கும் வந்திருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன். இவ பாஸ். நீங்க கையெழுத்துப் போடலைன்னா நான் இங்கிருந்து எழுந்திரிக்க மாட்டேன். உங்க பஸ்ஸும் போயிடும்."

வெங்கடேஷ் முணுமுணுத்துக்கொண்டே மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார். சார் காலையில் பாடம் எடுத்த மற்றவர்களின் பக்கம் திரும்பினார். "உங்க எல்லாருக்கும் மறுபடி தேர்வு. எல்லாரும் இடது கை." வளவன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தான்.

பிறகு அவர் இசைப்பிரியாவைப் பார்த்தார். பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு... தோப்புப் பக்கம். முதல் தடவையே ரோட்டாலதான் ஓடினே."

அது கேள்வியாக இல்லை. 

"சரி, நீ போகலாம்மா. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றார் சார்.

இசைப்பிரியா நகரவில்லை. முந்தானைபோல் கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜையோரம் வந்து நின்றாள்.

"போடுங்க சார். பாத்துட்டே போறேன்."

வாழ்க்கையில் முதல்முறையாகச் செந்தில்நாதன் சாரை ஒருத்தி சந்தேகப்பட்டாள். அவருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார். அவள் குனிந்து, பெயர் தன் பெயர்தானா என்று விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.